நாற்பத்து மூன்று கிளிகளும் ஓர் ஆட்சேபணையும்

அந்தக் கட்டிடத்தின் வாசற்படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று ஆட்சேபணையார் மூன்றாவது முறையாகச் சபதம் செய்தது ஒரு புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. முதல் சபதம், துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தைத் தூக்கி ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் வைத்தபோது. இரண்டாவது, காலியான பழைய சுங்க மாளிகையை ஒரு ஹோட்டல்காரன் எடுத்து, சாரம் கட்டி, சுரண்டி, மெருகு போட்டு, வாடகையைக் கேட்டாலே சாதாரண மனுஷன் நாற்காலியைத் தேடுகிற அளவுக்கு ஆடம்பர ஹோட்டலாக மாற்றியபோது. மூன்றாவதற்குக் காரணம், அன்றைய நாளிதழுக்குள்ளிருந்து மடியில் நழுவி விழுந்த ஒரு வழவழத் துண்டுக் காகிதம்.

ஆட்சேபணையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முப்பத்தொரு வருஷம் அந்த மாளிகையில் வேலை பார்த்துத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற மனுஷன். எந்தக் கோப்பு மேஜைக்கு வந்தாலும், முதலில் ஓரத்தில் சிவப்பு மையால் ‘ஆட்சேபணை’ என்று எழுதிவிடுவார். படிப்பதெல்லாம் அப்புறம்தான். தனக்கு நடந்த பிரிவுபசார விழாவின் அழைப்பிதழிலேயே இரண்டு ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பியவர். அலுவலகம் வைத்த அந்தப் பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது.

“இங்கே வா! வந்து இந்த அநியாயத்தைப் பாரு!”

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டம்மா வரவில்லை. “படிங்க, காது இங்கதான் இருக்கு” என்றாள்.

“‘சுங்க மாளிகை ஹோட்டலில் கதையோடு ஒரு மாலை. தினமும் நான்கு மணிக்கு. சட்டம் பேசிய அறுபது கிளிகள்!’ அறுபதாம்! அறுபது! நாற்பத்து மூணுடி! பறிமுதல் பதிவேட்டுல என் கையால எழுதினது. பச்சைக்கிளி நாற்பத்து மூணு, கூண்டோட. மீதிப் பதினேழை எங்கேர்ந்து பிடிச்சான்?”

“பறந்து வந்திருக்கும்.”

“விளையாடாதே.”

“சரி, குட்டி போட்டிருக்கும்.”

“கிளி குட்டி போடுமா?”

“சுங்கத்துல இருந்தது நீங்க. எனக்கென்ன தெரியும்?”

ஆட்சேபணையாரின் மூக்கு நுனி சிவந்தது. கோபத்துக்கு அவர் உடம்பில் அதுதான் முகவரி. “இதையும் கேளு. ‘பறிமுதல் கிடங்கில் இரண்டு நாள் தூங்கிய குமாஸ்தா!’ இரண்டு நாளா? மூணு மணி நேரம்! அதுவும் தூங்கலை!”

“பின்னே?”

“கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்.”

“குறட்டை விட்டு யோசிச்சீங்களோ.”

“ஏய்!”

“அது சரி, அந்தக் குமாஸ்தா நீங்கதான்னு அதுல போட்டிருக்கா?”

“போடலை.”

“அப்ப நீங்களா ஏன் போய்த் தலையைக் குடுக்கறீங்க?”

பதில் இல்லாதபோது அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்: குரலை உயர்த்தினார். “எவன் சொன்னான்? எவன் அந்த ஹோட்டல்காரன்கிட்ட போய் உளறினான்? அது எனக்குத் தெரியணும்!”

கிடங்கு விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். கதவைத் திறந்துவிட்ட காவலாளி. அவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. இரண்டாவது, கூட வேலை பார்த்து, முத்திரை குத்தியே கை காய்த்துப்போன சிநேகிதர். ஊரில் அவருக்குப் பெயரே ‘முத்திரை’. மூன்றாவது இவரே. தினம் சாயங்காலம் வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னது கணக்கில் வராது. மனைவியிடம் சொல்வதை அவர் ‘சொன்னது’ என்று நினைத்ததே இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மாதிரி, அன்றைய அலுவலகத்தையும் கழற்றி அவள்மேல் மாட்டுவார். அவ்வளவுதான்.

உடனே முத்திரைக்குப் போன் போட்டார்.

“டேய், உண்மையைச் சொல்லு. ஹோட்டலுக்குப் போனியா?”

“முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன். பாத்ரூமுக்கே ரெண்டு பேரு வேணும். நான் ஹோட்டலுக்குப் போறேனாக்கும்!”

“அப்ப ஹோட்டல்காரன் உன்கிட்ட வந்தானா?”

“என்கிட்ட டாக்டரே வர மாட்டேங்கறான். சரி, என்ன விஷயம்?”

“கிளி அறுபதுன்னு போட்டிருக்கான்.”

“அறுபது இல்லையா?”

ஆட்சேபணையார் போனை வைத்துவிட்டார். நாற்பது வருஷ சிநேகிதம் அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டது.

குளித்து முடிப்பதற்குள் திட்டம் தயார். இன்றைக்கே நாலு மணிக்கு அந்தக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டியது. எவன் கதை சொல்கிறானோ, அவன் வாயைத் திறந்து அறுபது என்ற அடுத்த நொடி, விருந்தாளிகள் முன்னிலையில் அவன் மானத்தைக் கப்பலேற்ற வேண்டியது. அப்படியே ஹோட்டலில் என்னென்ன குற்றம் குறை உண்டோ அத்தனையையும் எழுதி, மூன்று பிரதி எடுத்து, மேனேஜர் மூஞ்சியில் அடித்துவிட்டு வர வேண்டியது. வாசற்படியை மிதிப்பதில்லை என்ற சபதம்? அதற்கும் வழி கண்டுபிடித்தார். மூன்று படியையும் சேர்த்துத் தாண்டிவிட்டால் மிதித்ததாக ஆகாது.

வீட்டில் சொன்னால் சிரிப்பாள். அதனால் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், “சாயங்காலம் ஓய்வூதியர் சங்கத்துல கூட்டம்” என்றார்.

“அப்படியா? போயிட்டு வாங்க. எனக்கும் வகுப்பு இருக்கு.”

இரண்டு மாதமாக வீட்டம்மா தினம் மூன்று மணிக்குக் கூடை பின்னுகிற வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னிக்கொண்டு வந்த மூன்று கூடைகள் அலமாரி மேல் இருந்தன. மூன்றிலும் கைப்பிடி கோணல் என்று ஆட்சேபணையார் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

“சங்கத்துல ஏசி போட்டிருப்பாங்க. அந்தச் சாம்பல் கலர் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க” என்றாள் வீட்டம்மா. “எடுப்பா இருக்கும்.”

ஓய்வூதியர் சங்கத்தில் மின்விசிறியே ஒழுங்காகச் சுற்றாது. ஆனால் தன் பொய்யை அவள் அப்படியே விழுங்கிவிட்ட சந்தோஷத்தில் அது அவருக்கு உறைக்கவில்லை.

*

வாசற்படியை அவர் தாண்டினார். மூன்று படி. அறுபத்திரண்டு வயதில் அது சாமானியம் இல்லை. இடது தொடையில் ஏதோ ஒன்று ‘ஆட்சேபணை’ என்றது. கதவருகில் நின்ற காவலாள் ஓடி வந்து தாங்கிப் பிடித்து, சல்யூட் வேறு அடித்தான். முப்பத்தொரு வருஷம் இதே கதவு வழியாகப் போய் வந்தவருக்கு ஒருத்தன் ஒரு நாள் சல்யூட் அடித்தது கிடையாது. இப்போது வெளியாளாக வந்ததும் அடிக்கிறான். கோபம் முதல் படி ஏறியது.

உள்ளே போனவருக்குத் தான் வந்தது சுங்க மாளிகைக்குத்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கப்பல்காரர்களும் வியாபாரிகளும் பகல் முழுக்க நின்று முண்டியடித்த பெரிய கூடத்தில் இப்போது கூட்டமே இல்லை. பளிங்குத் தரையில் முகம் தெரிந்தது. வரிசை கலையாமலிருக்கப் போட்டிருந்த பித்தளைக் கம்பிகள் தங்கம் மாதிரி மின்னின. நாலாம் நம்பர் கவுண்டருக்குப் பின்னால், ‘படிவம் சரியில்லை’ என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிய அதே இடத்தில், ஒருத்தன் கண்ணாடிக் கோப்பையில் பழச்சாறு கலக்கிக்கொண்டிருந்தான். சரக்கு எடை போடுகிற ராட்சதத் தராசில், சரக்குக்குப் பதில் பூத்தொட்டி. கோப்பு அறை வாசலில் ‘ஸ்பா’ என்று பலகை.

“ஸ்பான்னா என்ன?” என்று வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டார்.

“உடம்பு அசதி போக எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க சார்.”

“அந்த ரூம்ல பதினோராயிரம் கோப்பு இருந்துச்சு. அதுல ஒண்ணுக்குக்கூட நாங்க எண்ணெய் தேய்ச்சதில்லை.”

அந்தப் பெண் இதற்கும் சிரித்தாள். எதற்கும் சிரிக்கச் சொல்லித்தான் சம்பளம் போலிருக்கிறது. “உங்களுக்கு ஒரு அறை வேணுமா சார்?”

“அறையா? குடுக்கத்தான் வந்திருக்கேன்! ஆள் யாருன்னு தெரிஞ்சதும் குடுப்பேன்.”

“மாடியில எல்லாமே சூட் ரூம்தான் சார்.”

“எனக்கும் அதுதான் ஏறிக்கிட்டு இருக்கு.”

மேலதிகாரியின் அறை இருந்த இடத்தில் ராஜா சூட் என்று எழுதியிருந்தது. போகட்டும், அந்த ஆள் இருந்தபோதும் ராஜா மாதிரிதான் இருந்தார். தன் அறையைத் தேடிப் போனார் ஆட்சேபணையார். இடது பக்கத் தாழ்வாரம், கடைசிக் கதவு. பதினெட்டு வருஷம் தலைமை எழுத்தராக உட்கார்ந்திருந்த அறை. கதவில் தொப்பி போட்ட ஓர் ஆளின் சின்னப் படம் மாட்டியிருந்தது. தன் நினைவாகத்தான் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நொடி நெஞ்சு இளகிவிட்டது. கதவைத் தள்ளினார்.

ஆண்கள் கழிப்பறை.

மேஜை இருந்த இடத்திலேயே வெள்ளைவெளேரென்று ஒன்று வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷம் உட்கார்ந்த இடம். இப்போதும் உட்காருகிற இடம்தான். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த விருந்தாளி ஒருவர், “காலியாத்தான் இருக்கு, போங்க சார்” என்றார் மரியாதையாக.

ஆட்சேபணையாருக்குக் காது வழியாகப் புகை வராத குறை. கோட்டுப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, சுவரில் வைத்து, ‘குறை எண் ஒன்று’ என்று எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

*

நாலு மணிக்குப் பெரிய படிக்கட்டின் கீழே பன்னிரண்டு பேர் கூடினார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கேமரா மாட்டிய ஒருத்தர், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியம்மா, இன்னும் சிலர். ஆட்சேபணையார் தூணுக்குப் பின்னால் நின்று முஷ்டியை மடக்கினார். வரட்டும். எவனாயிருந்தாலும் வரட்டும்.

மேலே குதிகால் சத்தம் கேட்டது. நீல நிறக் கோட்டு, மார்பில் பித்தளைப் பட்டை, கையில் ஒரு பழைய சாவிக்கொத்து. நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது அவருடைய வீட்டம்மா.

முதலில் அவர் நினைத்தது, கூடை விற்க வந்திருக்கிறாள் என்றுதான்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றாள் அவள். அந்தக் குரலை ஆட்சேபணையார் கேட்டதே இல்லை. ‘காபி ஆறுது’, ‘கேஸ் தீர்ந்துடுச்சு’ என்கிற குரல் இல்லை அது. கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்தது. “தூணுக்குப் பின்னாடி நிக்கற சாம்பல் கலர் கோட்டுக்காரர் கொஞ்சம் முன்னாடி வாங்க சார். அங்கே சரியா காது கேக்காது.”

பன்னிரண்டு தலையும் திரும்பியது. அவர் வந்தார். கால் தானாக வந்தது, வாய்தான் வரவில்லை.

“இது நாலாம் நம்பர் கவுண்டர். இங்கே இருந்தவருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வார்த்தை: ‘நாளைக்கு வா’. ஒரு தடவை ஒரு கப்பல்லேர்ந்து அறுபது கிளியைப் பறிமுதல் பண்ணி, இந்தக் கவுண்டர் பின்னாடி வெச்சாங்க...”

“நாற்பத்து மூணு!”

வாய் அதுவாகவே கத்திவிட்டது. வீட்டம்மா புருவத்தைக்கூட அசைக்கவில்லை. “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தக் கிளியெல்லாம் ஒரு வாரம் இங்கே இருந்துச்சு...”

“ஒரு வாரமா? ஆறு வாரம்! ஏலம் போடற தேதி வரைக்கும்!”

“அப்புறம் என்ன ஆச்சு சார்?” என்றார் கேமராக்காரர்.

“என்ன ஆச்சா? நாற்பத்து மூணும் அந்த ஒரு வார்த்தையைக் கத்துக்கிச்சு! எவன் வந்து நின்னாலும் மொத்தமா ‘நாளைக்கு வா’. வியாபாரிங்க பாதிப் பேரு கவுண்டர்ல கேக்காமலே திரும்பிப் போயிட்டாங்க. தலைமை இடத்துலேர்ந்து பெரிய அதிகாரி ஒருத்தர் திடீர் சோதனைக்கு வந்தார். கதவைத் திறந்து ஒரு கால் வெச்சார். நாற்பத்து மூணும் ஒரே குரல்ல, ‘நாளைக்கு வா!’”

“ஐயையோ! அப்புறம்?”

“போயிட்டார். மறுநாள்தான் வந்தார்.”

கூடம் அதிர்ந்தது. கைத்தடிப் பெரியம்மா சிரித்துச் சிரித்து இருமினார். ஆட்சேபணையாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கோபமாகத்தானே பேசினார்? இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அடுத்து எடைத்தராசுக்குப் போனதும் வீட்டம்மா எடையைத் தப்பாகச் சொன்னாள், அவர் திருத்தினார். மணிக்கூண்டுக்குப் போனதும் வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள்; அவர் சீறினார். ஒவ்வொரு தப்புக்கும் அவர் குரல் ஏறியது. ஏற ஏறக் கூட்டம் அவரை நெருங்கி நெருங்கி வந்தது. ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தால், வீட்டம்மா ஒரு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பறிமுதல் கிடங்கு. அவள் எழுந்து சாவியை எடுத்துக் கனத்த கதவைத் திறந்தாள்.

“இங்கேதான் அந்தக் குமாஸ்தா தூங்கினார். பறிமுதல் பண்ணின கம்பளக் கட்டு மேல.”

“தூங்கலை...” என்று ஆரம்பித்தார் அவர். பன்னிரண்டு பேரும் ஆவலாகத் திரும்பினார்கள். அவர் நிறுத்திக்கொண்டார்.

“மத்தியானம் ஒரு மணிக்குப் பறிமுதல் பண்ணின குடைகளை எண்ண உள்ளே போனார். நாலு மணிக்குத்தான் காவலாளி கதவைத் திறந்தார். மூணு மணி நேரம். சரிதானே சார்?”

“சரி” என்றார் முனகலாக.

“சாருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஒண்ணு கேக்கறேன். அந்த மூணு மணி நேரம் குமாஸ்தாவோட பொண்டாட்டி வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தா?”

ஆட்சேபணையார் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

“தெரியாதா? நான் சொல்றேன். அவளுக்கு அன்னிக்கு வானொலி நிலையத்துல குரல் தேர்வு. மூணு மணிக்கு. முந்நூறு பேர்ல ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தாங்க, அதுல அவ ஒருத்தி. கைக்குழந்தைக்கு ஒன்பது மாசம். ‘நீ கவலைப்படாதே, ஒரு மணிக்கு வந்து குழந்தையைப் பார்த்துக்கறேன்’னு குமாஸ்தா சொல்லிட்டுப் போயிருந்தார். அவ ஒரு மணிக்குத் தலை வாரிக்கிட்டு வாசல்ல நின்னா. ரெண்டு மணிக்கும் நின்னா. மூணு மணிக்குக் குழந்தை அழுதுச்சு; உள்ளே போயிட்டா.” அவள் குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் முத்திரை குத்துகிற மாதிரி விழுந்தது. “அஞ்சு மணிக்குக் குமாஸ்தா வந்தார். கிடங்குல மாட்டிக்கிட்ட கதையை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொன்னார். காவலாளி என்ன சொன்னான், கம்பளம் எந்த ஊரு, எல்லாம் சொன்னார். உன் தேர்வு என்ன ஆச்சுன்னு கேக்கலை. இன்னிக்கு வரைக்கும் கேக்கலை.”

புதுப் பெண்டாட்டி தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஏதும் செய்யாமலே தலையைக் குனிந்தான். பெரியம்மாதான் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். இருவரும் சேர்ந்து நடித்த நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

*

விருந்தாளிகள் தேநீர் குடிக்கப் போனதும் ஆட்சேபணையார் கிடங்குக் கதவைச் சாத்தினார்.

“என்னடி இது? கூடை வகுப்பா இது?”

“ஓய்வூதியர் சங்கமா இது?”

“அலமாரி மேல இருக்கற கூடை?”

“கடையில வாங்கினது. கைப்பிடி கோணல்னு நீங்க சொன்னதும் கடைக்காரர்கிட்ட சொன்னேன், பாவம், ரொம்ப வருத்தப்பட்டார்.”

“என் கதையையெல்லாம் இங்கே வந்து வித்திருக்கே!”

“உங்க கதையா?” வீட்டம்மா சாவிக்கொத்தைக் கம்பளத்தின் மேல் எறிந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது மொத்தமும் குரலில் வந்தது. “முப்பத்தோரு வருஷம் நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன். வேலை பார்த்தவருக்குச் சம்பளம் வந்துச்சு, பென்ஷனும் வருது. கேட்டவளுக்கு என்ன வந்துச்சு? காது வலிதான் வந்துச்சு! பழைய ஊழியர்ங்க யாராவது வந்து கதை சொல்லணும்னு இவங்க உங்களுக்குத்தான் கடிதம் போட்டாங்க. நீங்க பிரிக்காமலே குப்பைக் கூடையில போட்டீங்க. நான் எடுத்தேன். குப்பையில கிடந்ததை எடுத்தா அதுக்கும் சுங்கமா?”

“அதுக்காக அறுபது கிளின்னு பொய் சொல்லுவியா?”

“நாற்பத்து மூணுன்னு எனக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ரெண்டு மாசமா நாற்பத்து மூணுன்னுதான் சொன்னேன். நீங்க வரணும்னுதான் இந்த வாரம் அறுபதுன்னு அச்சடிக்கச் சொன்னேன். சரியா இருந்தா எட்டிப் பார்ப்பீங்களா நீங்க? தப்பா இருந்தாத்தானே ஓடி வருவீங்க!”

“நான் எதுக்கு வரணும்?”

“அந்தக் குரல் தேர்வை உங்ககிட்டச் சொல்லி முடிக்கணும். வீட்ல எத்தனை தடவை ஆரம்பிச்சிருக்கேன் தெரியுமா? ரெண்டு வார்த்தைக்குள்ள நடுவுல புகுந்துடுவீங்க. பன்னிரண்டு பேர் சுத்தி நின்னாத்தான் உங்க வாய் மூடும்னு தெரியும். மூடுச்சு.”

ஆட்சேபணையார் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் கோட்டுப் பையிலிருந்த கிழிந்த காகிதம் கையில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டார்.

“மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கப் போறேன்!”

“தாராளமா. மாடியில ரெண்டாவது கதவு. கதவைத் தட்டிட்டுப் போங்க.”

மேனேஜர், வரவேற்புப் பெண்ணின் சிரிப்பையே ஒரு அளவு பெரிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தார். புகார் என்றதும் முகம் மலர்ந்து, ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “மூணு பிரதி வேணும்” என்றார் ஆட்சேபணையார். மூன்று கிடைத்தது. உட்கார்ந்து எழுதினார். கழிப்பறை முதல் பூத்தொட்டி வரை ஒன்பது குறைகள். ஒன்பதாவது, கதை சொல்லும் பெண்மணி எண்ணிக்கைகளைத் தவறாகக் கூறுவது. படிவத்தின் கடைசியில், ‘சரிசெய்யத் தங்கள் யோசனை’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டு அவருக்குப் பழக்கமில்லை. ‘சுங்க அலுவலகத்தில் குறைந்தது முப்பது வருட அனுபவமுள்ள, கண்டிப்பான, கோப்பறிவு மிக்க ஒருவர் நாள்தோறும் உடனிருந்து அப்பெண்மணியைத் திருத்த வேண்டும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் இட்டார்.

மேனேஜர் படித்தார். எழுந்து நின்று கை கொடுத்தார்.

“ரொம்ப சந்தோஷம் சார். நாளையிலேர்ந்தே வந்துடுங்க.”

“யாரு?”

“நீங்கதான். அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. ‘பொருத்தமான ஆள் ஒருத்தர் இருக்கார், கூப்பிட்டா வர மாட்டார், அவராவே எழுதிக் குடுத்தாத்தான் உண்டு’ன்னு. மூணு பிரதியா குடுத்திருக்கீங்க!”

சிக்கிக்கொண்டோம் என்று ஆட்சேபணையாருக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. அடுத்த அரை நிமிஷத்தில் வேறொன்று தோன்றியது. திருத்துகிறவன் என்றால் மேற்பார்வை. மேற்பார்வை என்றால் மேலதிகாரி. ஆஹா! வீட்டில் செல்லாதது இங்கே செல்லுமே! படிக்கட்டில் இறங்கும்போது தொடை வலிகூடத் தெரியவில்லை. கீழே காத்திருந்த வீட்டம்மாவிடம், “நாளையிலேர்ந்து நான் சொல்றபடிதான் கேக்கணும்” என்றார்.

“சரிங்க” என்றாள் அவள். அந்தச் ‘சரிங்க’ கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதை அவர் கவனித்திருக்கலாம்.

மறுநாள் மூன்று மணிக்கு அவருக்கும் ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். கொஞ்சம் இறுக்கம். பித்தளைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். ‘உதவியாளர்’ என்று இருந்தது. கூடவே கொடுத்த காகிதத்தில், விடுப்பு, தேநீர் இடைவேளை, இதர விஷயங்களுக்கு அணுக வேண்டியவர் என்ற இடத்தில் வீட்டம்மாவின் பதவி அச்சாகியிருந்தது: தலைமைக் கதைசொல்லி. ஆட்சேபணையார் மேனேஜரைத் தேடினார். அவர் அன்றைக்கு விடுமுறை.

கோபம் தலைக்கேறியபடியே வேலையைத் தொடங்கினார். கிளிகளுக்குக் கத்தினார், கூட்டம் சிரித்தது. தராசுக்குக் கத்தினார், கை தட்டியது. நேற்று வந்த கைத்தடிப் பெரியம்மா இன்றைக்குத் தன் தங்கையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். கிடங்குக் கதவைத் திறந்ததும் வீட்டம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “இதை நீங்களே சொல்லுங்க” என்றாள்.

“இங்கேதான் அந்தக் குமாஸ்தா...” ஆட்சேபணையார் கம்பளக் கட்டு இருந்த மூலையைப் பார்த்தார். “தூங்கினான். கதவு மூடினதுகூடத் தெரியாம நல்லாத் தூங்கினான். ஒரு மணிக்கு வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தான். போகலை. வீட்ல அன்னிக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு இருந்துச்சு. அவன் அதைக் கேக்கவும் இல்லை.” வீட்டம்மா பக்கம் திரும்பினார். “அவளுக்கு அந்த வேலை கிடைச்சிருக்கும். நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்தக் குரலுக்குக் கட்டாயம் கிடைச்சிருக்கும்.”

வீட்டம்மா தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள். குடிக்காமல் திரும்ப மூடினாள்.

கூட்டம் கலைந்தபோது பெரியம்மாவின் தங்கை அவள் பக்கத்தில் வந்து, ஆட்சேபணையாரைக் கண்ணால் காட்டி, “ஏம்மா, இவர் உங்க வீட்டுக்காரரா?” என்று கேட்டார்.

ஆட்சேபணையார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

வீட்டம்மா அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள். “இப்போதைக்குத் தற்காலிகமாத்தான் எடுத்திருக்கோம்” என்றாள். “ஆறு மாசம் போகட்டும், பார்த்துட்டுச் சொல்றேன்.”